தேசிய தொழில்முறை உதைபந்தாட்ட லீக்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்கெய்சர் விளையாட்டரங்கின் ஓரத்திலும் ஏகாம்பரம் மைதானத்தின் வாசலிலும் மாலை நேரங்களில் பெற்றோரும் பழைய வீரர்களும் கடைக்காரர்களும் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இவை. வீரர்களுக்குக் கழகங்கள் சம்பளம் தரும் தேசிய லீக் ஒன்று இந்த நாட்டுக்கு வேண்டும் என்று நான் சொல்வதைப் பற்றிய கேள்விகள். பல ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். நின்றபடி சொல்லும் பதில் பாதியில் அறுந்துபோகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

தொழில்முறை லீக் என்றால் என்ன? இப்போதும்தான் கிண்ணமும் பணப்பரிசும் கொடுக்கிறார்களே?

கிண்ணத்துக்கும் தொழில்முறைக்கும் சம்பந்தமில்லை. உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீபாவின் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: கழகத்தோடு எழுத்திலான ஒப்பந்தம் இருக்க வேண்டும், விளையாடுவதற்காக வீரர் செய்யும் செலவைவிட அதிகமான தொகை அவருக்குக் கிடைக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அவர் தொழில்முறை வீரர். ஒன்று குறைந்தாலும் அவர் அமெச்சூர்தான், எத்தனை ஆயிரம் பேர் கைதட்டினாலும் சரி. பஸ் காசும் சாப்பாட்டுப் பொதியும் ஒரு சோடிச் சப்பாத்தும் கொடுத்து ஆட வைப்பது தொழில்முறை ஆகாது.

ஒப்பந்தத்தின் காலத்துக்கும் வரையறை உண்டு. குறைந்தது அந்தப் பருவம் முடியும் வரை. கூடியது ஐந்து ஆண்டுகள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. இதை ஒவ்வொரு தாயும் தகப்பனும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையிடம் பத்து வருடக் கடதாசி ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

என்னைப் பொறுத்தவரை இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. காயப்பட்டு மூன்று மாதம் வீட்டில் கிடக்கும் பையனுக்கு அந்த மூன்று மாதமும் சம்பளம் வந்தால் அது தொழில்முறை லீக். அவன் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழகம் 12 சதவீதமும் அவன் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்குக் கழகம் 3 சதவீதமும் போனால், அது நல்ல தொழில்முறை லீக்.

இலங்கையில் தேசிய லீக் முன்பு இருந்ததில்லையா?

இருந்தது. 1985இல் தொடங்கிய பிரிமியர் லீக் பின்னர் சம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறியது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளும், கொழும்பின் சோண்டர்ஸ், ரினவுன், ரட்ணம் போன்ற பழைய கழகங்களும் அவற்றில் மோதின. ஆனால் பெரும்பாலான வீரர்களுக்குச் சோறு போட்டது வேறு வேலை.

தொழில்முறை என்ற சொல்லோடு வந்தது 2021இன் சுப்பர் லீக். பத்துக் கழகங்கள்: புளூ ஈகிள்ஸ், புளூ ஸ்டார், கொழும்பு, டிபென்டர்ஸ், நியூ யங்ஸ், ரட்ணம், ரெட் ஸ்டார்ஸ், ரினவுன், சீ ஹோக்ஸ், அப் கன்ட்ரி லயன்ஸ். கொரோனாத் தொற்று அந்தப் பருவத்தை இழுத்தடித்தது. களுத்துறையின் புளூ ஸ்டார் சம்பியன் ஆனது. அடுத்த ஆண்டு அதே அணி காத்மாண்டு சென்று நேபாளத்தின் மச்சிந்திராவை 2–1 என்று வென்றது. ஒரு வாரம் கழித்துக் கொல்கத்தாவில் இந்தியக் கழகமான மோகன் பகானிடம் 5–0 எனத் தோற்றது. அந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும். நேபாளத்தோடு தோளுக்குத் தோள் நிற்க முடிகிறது. ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கிப் பயிற்சி செய்யும் அணியோடு முடியவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு இது. எங்கள் கால்கள் மாறவில்லை. அவர்களுடைய ஏற்பாடு மாறிவிட்டது.

அந்தப் பத்தில் வடக்கு கிழக்கிலிருந்து ஒன்றுமே இல்லையே. எங்களுக்குத் திறமை போதாதா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு மீன் வியாபாரி. கேட்கும்போது அவருடைய குரல் கம்மியிருந்தது. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்: இல்லை, திறமையல்ல காரணம்.

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் கழக உரிம முறை ஐந்து விடயங்களைப் பார்க்கிறது: விளையாட்டு, உட்கட்டமைப்பு, ஆளணியும் நிர்வாகமும், சட்டம், நிதி. இளையோர் அணிகள் இருக்கின்றனவா, ஆடுவதற்குத் தரமான மைதானம் உறுதியாக இருக்கிறதா, உரிய சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா, கழகம் சட்டப்படி பதியப்பட்ட அமைப்பா, கணக்குகள் பரிசோதிக்கப்பட்டனவா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஐந்தில் ஒன்றுதான் பந்தோடு நேரடியாகத் தொடர்புடையது. எங்கள் ஊர்க் கழகங்கள் பல, தலைவர் வீட்டு அலுமாரியில் இருக்கும் ஒரு கொப்பியில் ஓடுகின்றன. அன்பால் ஓடுகின்றன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உரிமம் கேட்டுப் போகும்போது அந்தக் கொப்பியைக் காட்ட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. பல பத்தாண்டுகளாக இந்த நாட்டில் உதைபந்தாட்டத்தால் நிரந்தரச் சம்பளம் பெற வேண்டுமென்றால் முப்படையிலோ பொலிஸிலோ சேர வேண்டும். தெற்கில் ஒரு பையன் நன்றாக ஆடினால் அந்தக் கதவு திறக்கும். போர் நடந்த காலத்தில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்த கதவாக இருக்கவில்லை. கடற்படைத் தளம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஆனால் கடற்படை அணி எங்கள் ஊர் அணி ஆகவில்லை. ஆகவே இங்கே இருபது வயதில் பந்தை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனவர்கள் ஏராளம். கழகங்கள் சம்பளம் தரும் லீக் ஒன்று எல்லோரையும்விட எங்களுக்கே அதிகம் தேவை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

2023இல் நாட்டைத் தடை செய்தார்களே, அது ஏன்?

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விவகாரங்களில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி, பீபா 2023 ஜனவரி 21 அன்று இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் தேசிய அணியும் கழகங்களும் சர்வதேசப் போட்டிகளில் ஆட முடியவில்லை. பதினெட்டு வயதில் ஒரு வருடம் போனால் போனதுதான். அதன் பிறகு நல்லதும் நடந்தது: 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் முன்னேறினோம். அந்த அணியில் வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அவர்களை உருவாக்கியது வேறு நாடுகளின் லீக்குகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு கழகத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்? டிக்கெட் காசில் முடியாதா?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 வீரர்கள், ஆளுக்கு மாதம் 60,000 ரூபாய், பத்து மாதம். ஒன்றரைக் கோடி. சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதியத்துக்கும் கழகத்தின் பங்கு 15 சதவீதம், அதாவது இன்னும் 22½ இலட்சம். பயிற்றுவிப்பாளர், உடற்பயிற்சியாளர், வைத்தியம், பஸ், தங்குமிடம் எல்லாம் இதற்கு வெளியே.

பத்துக் கழக லீக்கில் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதையும் இரண்டு தடவை சந்தித்தால் மொத்தம் 90 ஆட்டங்கள். உங்கள் ஊரில் ஒன்பது. ஓர் ஆட்டத்துக்கு 1,500 பேர், டிக்கெட் 200 ரூபாய் என்றால் மூன்று இலட்சம். ஒன்பது ஆட்டத்துக்கும் 27 இலட்சம். வீரர்களின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மிகுதி அனுசரணையாளரிடமிருந்தும் ஒளிபரப்பு உரிமையிலிருந்தும் சம்மேளனத்தின் பங்கிலிருந்தும் வர வேண்டும். பீபாவின் ஃபோர்வேர்ட் திட்டத்தில் 2023–2026 காலத்துக்கு ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் நடைமுறைச் செலவுகளுக்கு 50 இலட்சம் டொலர் வரையும், திட்டங்களுக்கு 30 இலட்சம் டொலர் வரையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் எத்தனை சதம் மாவட்டத்து மைதானங்களை எட்டுகிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

பயணக் கணக்கு தனியானது. கொழும்பு எங்களுக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒன்பது வெளியூர் ஆட்டங்களும் அந்தப் பக்கம் என்றால் போகவர 4,500 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. கொழும்புக் கழகம் ஒன்றோ எங்களிடம் ஒரே ஒரு தடவை வருகிறது. பயணச் செலவை எல்லாக் கழகங்களும் ஒரு பொது நிதியிலிருந்து பகிர்ந்துகொள்ளாவிட்டால், தூரத்து ஊர் எதுவும் இரண்டாம் பருவம் வரை தாங்காது.

இந்தியாவில் போல ஏலம் விட்டு, நடிகர்களை வைத்து ஒரு லீக் தொடங்கினால் சீக்கிரம் முடியுமே?

தொடங்கலாம். நின்று பிடிக்குமா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் 1996இல் தேசிய லீக் வந்தது, 2007இல் அது ஐ லீக் ஆனது. பிறகு 2014இல் எட்டு அணிகளோடு இந்தியன் சுப்பர் லீக் வந்தது. அரங்குகள் நிரம்பின, புல்தரைகள் மேம்பட்டன, வீரர்களின் சம்பளம் உயர்ந்தது. இவை உண்மை. ஆனால் பல ஆண்டுகள் அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கீழே இருந்த கழகம் எத்தனை கிண்ணம் வென்றாலும் மேலே போக வழியில்லை. 2022–23 பருவத்தின் ஐ லீக் வெற்றியாளருக்குத்தான் அந்த வழி முதன்முதலில் திறந்தது. இன்னொன்று: முழு லீக்கும் 2010இல் போட்ட 15 ஆண்டு, 700 கோடி இந்திய ரூபாய் ஒப்பந்தம் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அது முடிவுக்கு வரும் ஆண்டான 2025இல், அடுத்து என்ன என்று தெரியாமல் லீக்கையே ஒத்திவைத்தார்கள். ஒற்றைத் தூணில் வீடு கட்டினால் இதுதான் கதி.

நான் ஜப்பானைப் பார்க்கச் சொல்கிறேன். 1965 முதல் அங்கே இருந்த லீக், கம்பனி அணிகளின் லீக். எங்கள் படை அணிகளைப் போல. 1993 மே 15 அன்று ஜே லீக் பத்துக் கழகங்களோடு தொடங்கியபோது ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றார்கள்: அணியின் பெயரில் கம்பனி இருக்கக் கூடாது, ஊர் இருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஒன்று கஷிமா. துறைமுகமும் இரும்பு ஆலையும் உள்ள சிற்றூர். சுமிட்டோமோ ஆலையின் அணி இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. உங்களைச் சேர்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம், கூரை போட்ட அரங்கு ஒன்று கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். ஊரும் ஆலையும் சேர்ந்து 15,000 பேர் இருக்கக்கூடிய அரங்கைக் கட்டிக் காட்டினார்கள். ஜே லீக்கில் மிக அதிக தடவை சம்பியன் ஆன கழகம் இன்று அதுதான்.

துறைமுகம், ஆலை, சிற்றூர் என்று எழுதும்போதே என் கண் சீனன்குடாப் பக்கம் திரும்புகிறது. பிறீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் எங்கள் துறைமுகக் கரையில்தான் நிற்கின்றன. எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. உலகமே புகழும் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. கஷிமாவிடம் இருந்து எங்களிடம் இல்லாதது என்ன என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். ஒரு நாள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்ட திட்டம். அது ஒன்றுதான் இல்லை.

ஊர்ப் பெயரில் ஒரே அணி என்றால், எங்கள் கழகத்தின் பெயர் அழிந்துவிடாதா?

நியாயமான பயம். யொக்கோஹாமாவில் 1998இல் ஃபுளூகல்ஸ் கழகத்தைப் பண முடையால் மரினோஸோடு இணைத்தார்கள். ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. தாங்களே பணம் சேர்த்து யொக்கோஹாமா எஃப்.சி. என்ற புதுக் கழகத்தை உருவாக்கினார்கள். அது கீழிருந்து ஏறி 2007இல் முதலாம் பிரிவில் ஆடியது. மேலிருந்து உத்தரவு போட்டுக் கழகங்களை இணைத்தால் மனங்கள் இணையாது.

எனவே இருக்கும் கழகங்களைக் கலைக்க வேண்டியதில்லை. அவை மாவட்ட லீக்கில் தங்கள் பெயரோடும் நிறத்தோடும் ஆடட்டும். அவற்றின் பிரதிநிதிகள் பங்காளிகளாக இருக்கும் ஒரு மாவட்டக் கழகம் தேசிய லீக்குக்குப் போகட்டும். அதில் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, கந்தளாய் எல்லாவற்றுக்கும் இடம் இருக்க வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூவரும் ஒரே சீருடையில் இறங்கும் மாவட்டம் வேறெங்கே இவ்வளவு இயல்பாக அமையும்? மூதூர்ப் பையனும் உப்புவெளிப் பையனும் மைதானத்தில் ஒருவன் பெயரை மற்றவன் கூவி அழைத்துப் பந்து கேட்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அங்கே யாரும் யாருக்கும் நல்லிணக்கம் கற்பிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் உதவ மாட்டார்களா?

உதவுவார்கள், உதவியும் இருக்கிறார்கள். 2018இல் புலம்பெயர்ந்தோர் ஊடகம் ஒன்றின் முயற்சியில் வடக்கு கிழக்கு பிரிமியர் லீக் பன்னிரண்டு அணிகளோடு நடந்தது. திருகோணமலையின் பெயரிலும் ஓர் அணி ஆடியது. பணம் போட்டு நடத்தினால் மக்கள் பார்க்க வருவார்கள் என்பது அப்போது நிரூபணமானது. இப்போது தேவை ஒரு பெரிய காசோலை அல்ல. நூறு குடும்பங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மாதாமாதம் அனுப்பும் சிறு தொகை. அதை வைத்துத்தான் ஒப்பந்தம் எழுத முடியும்.

மழைக்காலத்தில் எப்படி ஆடுவது?

தேசிய லீக் நேர அட்டவணை போடுகிறவர்கள் தங்கள் ஜன்னலால் தெரியும் வானத்தை மட்டும் பார்க்கிறார்கள். எங்களுக்கு மழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை. நவம்பர், டிசம்பரில் மைதானம் குளமாகிவிடும். கொழும்புக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தானாகவே தெரியும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிழக்கு, வடக்கு அணிகள் தங்கள் வெளியூர் ஆட்டங்களில் பெரும்பகுதியை மேற்கில் முடித்துக்கொள்ளலாம். மேயில் அங்கே மழை இறங்கும்போது லீக் எங்கள் பக்கம் திரும்பலாம். ஒரு நாட்டில் இரண்டு மழைக்காலம் இருப்பது தடை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது கொடையாகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்த மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் வைப்பது பிள்ளைகளை வதைப்பதாகும். மின்னொளி வேண்டும். நோன்பு மாதத்திலும் மின்னொளி இருந்தால் கிண்ணியாப் பிள்ளைகள் இப்தாருக்குப் பின் ஆடலாம்.

எங்கள் மைதானங்கள் போதுமா?

இப்போதைய நிலையில் போதாது. பரிந்துரைக்கப்படும் அளவு நீளம் 105 மீற்றர், அகலம் 68 மீற்றர். இடம் இருக்கிறது, தரையும் நீர் வடிகாலும் உடைமாற்றும் அறைகளும் மலசலகூடங்களும்தான் இல்லை அல்லது பழுதாகி இருக்கின்றன. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. இங்கும் முடியும். பார்வையாளர் கொட்டகையை விட முதலில் வடிகாலுக்குச் செலவழியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் வளர்த்த பையன் பெரிய கழகத்துக்குப் போனால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

இதில் எனக்கு ஆறாத காயம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதில் வெறுங்காலோடு வந்த பையன் ஒருவன், பதினேழு வயது வரை எங்களோடு ஆடினான். பிறகு வேறு ஊர்க் கழகம் ஒன்று அழைத்துக்கொண்டது. அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனான். அவன் எங்களிடம் ஆடிய ஐந்து ஆண்டுகளுக்கும் எந்தப் பதிவும் இல்லை. பிழை எங்களுடையதும்தான், நாங்கள் படிவம் நிரப்பவில்லை.

பீபாவின் விதிப்படி, தொழில்முறை வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்துக்குள் பணத்துக்கு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16இலிருந்து ஆண்டுக்கு 0.5 சதவீதம். 50,000 டொலருக்கு மாறினால், ஐந்து ஆண்டு வளர்த்த சிறு கழகத்துக்கு 750 டொலர். ஐம்பது பிள்ளைகளுக்குச் சப்பாத்து. இது தவிர, வீரர் வெளிநாட்டுக் கழகம் ஒன்றில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்றும் உண்டு. 2022 நவம்பர் முதல் இவற்றைப் பீபாவின் தீர்வகமே கணக்கிட்டு அனுப்புகிறது. அது பார்ப்பது இலத்திரனியல் பதிவை மட்டும்தான். பதிவில் இல்லாத கழகம் அதன் கண்ணில் படாது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா?

இருக்க வேண்டும். ஆசிய மட்டத்தில் மகளிர் சம்பியன்ஸ் லீக் 2024இல் தொடங்கிவிட்டது. இங்கே முதலில் தேவை பாதுகாப்பான உடைமாற்றும் அறை, பெண் பயிற்றுவிப்பாளர், இருட்டும் முன் வீடு சேர ஒரு வாகனம். இந்த மூன்றும் கிடைத்த இடங்களில் பிள்ளைகள் தாமாகவே வருகிறார்கள்.

மகன் படிப்பை விட்டுவிட்டு முழுநேரமாக ஆடட்டுமா?

வேண்டாம். நாட்டில் உறுதியான சம்பள லீக் இன்னும் வரவில்லை. வந்தாலும் 25 பேரில் ஒருவனாக நிற்பவன் முப்பத்திரண்டு வயதில் வேறு வேலை தேடுவான். சாதாரண தரமும் உயர்தரமும் எழுதட்டும். நடுவர் பயிற்சியும் பயிற்றுவிப்பாளருக்கான ஆரம்பச் சான்றிதழும் எடுக்கட்டும். லீக் ஒன்று வளரும்போது ஆடுகிறவர்களைப் போலவே அவர்களும் தேவைப்படுவார்கள்.

என் பிள்ளைக்குப் பதினொரு வயது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

பன்னிரண்டு வயதுக்குரிய பருவத்திலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது என்பதால் சரியான நேரத்தில் கேட்கிறீர்கள். பிள்ளை ஆடும் கழகம் மாவட்ட லீக்கில் பதியப்பட்டதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரும் திகதியும் பதிவாக வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஓர் எழுத்து பிசகினால் பின்னாளில் இரண்டு பேராகிவிடுவார். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, தடுப்பூசி அட்டையோடு வீட்டில் வையுங்கள். கழகம் மாறினால் எந்தத் திகதியில் மாறினார் என்று எழுதி வையுங்கள்.

எங்களிடம் வருவதானால் பிறப்புச் சான்றிதழின் பிரதி, இரண்டு புகைப்படங்கள், ஒரு போத்தல் தண்ணீர். சப்பாத்து இல்லாவிட்டாலும் வரலாம். அளவு பார்த்துக் கொடுக்க ஒரு பெட்டி நிறையப் பழைய சப்பாத்துகள் வைத்திருக்கிறோம்.